காற்றை மோந்து பார்த்தவர்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் ஒரு மீன்காரர் இருந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட அம்மாள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார். “அக்கா, நானே உண்மையச் சொல்லிடுறேன். இந்தக் கூடை இன்னைக்குக் காலையில வந்தது, அந்தக் கூடை நேத்து. மோந்து மட்டும் பாக்காதீங்க லா, நிக்கிற ஆளுங்கல்லாம் பயந்துபோயிடுறாங்க” என்பார். அக்கா தலையை ஆட்டிப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு இரண்டு கூடையையும் மோந்து பார்ப்பார். “நீ சொன்னது நெசந்தான்” என்று அந்த மனிதருக்கு நற்சான்றும் கொடுத்துவிட்டு நகர்வார்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. “என்னப் பத்தி எழுதுனா பேரப் போடாதே கிராணி, போட்டா அந்தத் தாளையும் மோந்து பாப்பேன்” என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராணி என்றால் குமாஸ்தா. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து சில வருஷம் நான் ஒரு சின்னக் கம்பெனியில் கிராணியாக இருந்தேன். கப்பலைத் தள்ள அடியில் சுழலும் காற்றாடியில் சிக்கிய கயிற்றை வெட்டுவது, அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுப்பது என்று கடலுக்குள் இறங்கிச் செய்யும் வேலைகள்தான் எங்கள் தொழில். ஆபீஸ், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், பூக்கடைக்கு மேல்மாடி. படகும் சாமான்களும் பொங்கோல் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தன. முதலாளி நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். நல்ல மனிதர், ஆனால் பளபளப்பாக எதைப் பார்த்தாலும் மயங்கிவிடுவார். கடலுக்குள் இறங்குகிற ஆள் ஒரே ஒருவர். அவர் அக்காவின் கணவர்.

அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் முக்குளிக்கும் வேலை பழகிவிட்டு எங்களிடம் வந்தவர். முதுகில் ஓர் இரும்புப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அதற்குள் அழுத்தி அடைத்திருக்கும் காற்றுதான் தண்ணீருக்கு அடியில் அவருக்கு மூச்சு. அந்தக் காற்றை அடைக்கிற கம்ப்ரெசர், கார் டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் போன்றதல்ல. அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் துளி எண்ணெய்ப் புகை கலந்தாலும் இறங்கியவர் கதி அதோகதிதான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரியவைத்தவர் அக்கா.

ஒரு நாள் அண்ணன் வேலை முடிந்து மேலே வந்தவுடன் படகிலேயே வாந்தி எடுத்தார். இரண்டு நாள் தலையைத் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கள்ளுக்கடைக்குப் போவது ஊருக்கே தெரியும் என்பதால், படகுக்காரர்கள் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலாளி நம்பினார். நானும் நம்பினேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அக்கா அந்த இரும்புப் பாட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். அதுதான் நான் அவரை முதன்முதலில் பார்த்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். மூக்குத்தி போட்ட, கூர்மையான மூக்கு.

“அவரு குடிச்சா எப்படி நாறுவாருன்னு எனக்குத் தெரியாதா மொதலாளி? இது வேற நாத்தம்” என்றவர், யாரும் தடுப்பதற்குள் பாட்டிலின் குழாயைத் திறந்துவிட்டார். மேசையில் இருந்த தாள்கள் எல்லாம் பறந்தன. கருகிய எண்ணெயும் லாரிப் புகையும் கலந்த ஒரு நாற்றம் அறை முழுக்கப் பரவியது. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.

“நீங்க அர நிமிஷம் தாங்கல. அவரு முக்கா மணி நேரம் இதத்தான் குடிச்சாரு, அதுவும் கடலுக்கு அடியில.”

அந்தக் காற்றை அடைத்தது, போர்க்காலத்தில் ராணுவம் விட்டுப்போன பழைய மெஷின். பச்சைப் பெயிண்டில் ஜம்மென்று இருக்கிறதே என்று முதலாளியே ஆசைப்பட்டு வாங்கியது. திரும்பி வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. “கிராணி, அந்த மெஷினை இனிமே யாரும் தொடக்கூடாது” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “தங்கச்சி, புதுசு வாங்கிடுவோம். நீயும் வாம்மா. நீ கைகாட்டுறதத்தான் வாங்குவேன்” என்றார். 

அடுத்த சனிக்கிழமை ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் மெஷின் கடைகளுக்கு மூவரும் போனோம். முதல் கடையில் நின்றிருந்தது புத்தம்புதுசாய்ச் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு கம்ப்ரெசர். முதலாளியின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அக்கா அதைச் சுற்றி வந்து மூக்கை உறிஞ்சினார். “பெயிண்ட் வாசனதான் வருது. உள்ள என்ன இருக்குன்னு இது சொல்ல மாட்டேங்குது. வேணாம் லா.” இரண்டாவது கடை மெஷினில், எஞ்சின் புகை விடும் குழாயும் காற்றை இழுக்கும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “நல்லாருக்கே! அடுப்படியிலேயே கக்கூஸ் கட்டுன மாதிரி” என்று அக்கா சொன்னதும், வாங்கிவிடலாம் என்று வாயைத் திறந்த முதலாளி மூடிக்கொண்டார்.

மூன்றாவது கடைக்காரர் ஒரு சீனத் தவுக்கே; கடை முதலாளிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரிடம் நாலு விதமான மெஷின்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் புகழ்ந்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தவுக்கே, லு மினும் டுலு” என்றார். இந்தக் காற்றை நீங்கள் முதலில் குடியுங்கள் என்று மலாயில் அர்த்தம். தவுக்கே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், கடைப் பையனைக் கூப்பிட்டு அவனைக் குடிக்கச் சொன்னார். “அவன் இல்ல. நீங்க” என்று அக்கா விடவில்லை. தவுக்கே ஒரு மெஷினைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், நாலையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு கொல்லைப்புறம் கூட்டிப்போனார். அங்கே பெயிண்ட் உரிந்து, பார்க்கவே சகிக்காத ஒரு கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாயில் வாயை வைத்து நிம்மதியாகப் பத்து மூச்சு இழுத்துக் காட்டினார். இது விற்பனைக்கு இல்லை என்றார். அவருடைய சொந்தத் தம்பியும் கடலில் முக்குளிக்கிறவராம். தம்பிக்குக் காற்று அடைப்பது இதில்தானாம்.

அக்கா முதலாளி பக்கம் திரும்பினார். “இந்த ஜாதி மெஷின்தான் வேணும்.”

அதே மாதிரி இன்னொன்று பெட்டியோடு கப்பலில் வந்து கிடந்தது. அதைப் பிரித்து ஓடவிடச் சொல்லி, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அண்ணனின் வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்துவந்த துணியைக் குழாயில் கட்டிப் பார்த்தார். சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. கெட்டுப்போனால் பழுது பார்க்கிற ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறாரா, மாற்றுகிற சாமான் கையிருப்பில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். பழுது பார்ப்பதும் அந்தத் தம்பிதான் என்று தெரிந்த பிறகே எழுந்தார். அதுவரை தவுக்கே அவருக்கு மூன்று கோப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்றையும் மோந்து பார்த்துத்தான் குடித்தார்.

மெஷின் பொங்கோலுக்கு வந்தது. கூடவே அக்காவும் வந்தார். காற்று அடைக்கிற நாளெல்லாம் லாரியில் ஏறிக் கொட்டகைக்கு வந்துவிடுவார். “இந்தம்மா தெனமும் வந்து நின்னா ஆளுங்க வேல செய்யக் கூச்சப்படுறாங்க” என்று நான் முதலாளியிடம் முறையிட்டேன். முதலாளி யோசித்து, மெஷினையே அக்கா பொறுப்பில் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள்தான் அவருக்குக் கூச்சப்பட வேண்டியிருந்தது.

மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அக்காவுக்குப் படித்துச் சொல்வது என் வேலை. நானும் என் கிராணித் தமிழில், “பாதுகாப்பு அடைப்பிதழைக் காலமுறைப்படி சோதிக்க வேண்டும்” என்று மொழிபெயர்ப்பேன். “என்னய்யா சொல்றே? ஆவி மிஞ்சுனா தொறக்குற மூடிதானே? அப்படிச் சொல்லு” என்பார். ஒருமுறை கேட்டால் போதும், மறக்கமாட்டார். ஆனால் புத்தகத்தையும் அப்படியே நம்பமாட்டார். காற்றை அழுத்தும்போது அதில் இருக்கும் ஈரம் தண்ணீராய் உள்ளே தேங்கும். கால் மணிக்கு ஒருமுறை அதைத் திறந்து வடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. “இந்தப் பொஸ்தகம் எழுதுன வெள்ளக்காரன் ஊர்ல இம்புட்டு புழுக்கம் இருக்காது கிராணி. நாம பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வடிப்போம்” என்றார். வடித்துப் பார்த்தால், தண்ணீர் புத்தகம் சொன்னதைவிட அதிகம்தான் வந்தது. பால் டின்னைக் குழாயடியில் பிடித்து, ‘புஸ்’ என்று திறந்துவிட்டு, “மூக்கச் சிந்திவிட்டாச்சு, இனிமே ஓடும்” என்பார். டின்னில் விழுந்த தண்ணீரையும் மோந்து பார்ப்பார்.

காற்றை இழுக்கும் குழாயை ஒரு நீள மூங்கிலில் கட்டி உயரத்தில் நிறுத்தியிருந்தார். பொங்கோலில் அப்போது பன்றிப் பண்ணைகள் நிறைய. காற்று கடல் பக்கமிருந்து வந்தால்தான் மெஷினை ஓட்ட விடுவார். முந்தானை நுனியை நனைத்துத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கரைப் பக்கமிருந்து வீசினால் வேலை நிற்கும். கப்பல் ஏஜண்டு டெலிபோனில் கத்துவான், முதலாளி என்னிடம் கத்துவார், நான் அக்காவிடம் போய்க் கெஞ்சுவேன். “அவரப் பன்னி நாத்தத்தோட கடலுக்குள்ள அனுப்பச் சொல்றியா?” என்று ஒரே கேள்வி.

சுருட்டுப் பிடித்துவிட்டு வருகிறவனை இருபது அடிக்கு அப்பாலேயே நிறுத்திவிடுவார். வடிகட்டியில் போடும் கரியைப் புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றுவார். மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய் டின் ஒரு தடவை சீல் வைத்தபடியே கடையிலிருந்து வந்தது. பெயர், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. அக்கா மூடியைத் திறந்து மோந்தார். “வெளிய எழுதியிருக்குறது வேற, உள்ள இருக்குறது வேற” என்று திருப்பி அனுப்பச் சொன்னார். நான் சண்டை போட்டேன். சீலை உடைத்ததற்கு யார் பதில் சொல்வது என்று குதித்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு டின் எடுத்துக் கொடுத்ததில் விஷயம் விளங்கிவிட்டது. அன்றைக்கு லாரியில் திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கல்யாணத்துக்கும் வந்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற என் அருகில் வந்து, வாழ்த்துவதற்கு முன் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். “பவுடர் ஜாஸ்தி. மத்தபடி நல்ல மாப்ள” என்றார். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவரின் மெஷினில்தான் நான் கைவைத்தேன்.

அது ஆயுத பூஜை நாள். வேலை இல்லை. முதல் நாளே அக்கா இரண்டு பாட்டில் அடைத்து, கொட்டகை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மெஷினுக்கு ஓய்வு, அக்கா கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வருவார் என்பது ஏற்பாடு. காலையில் நானும் படகுக்காரர்களும் மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டோம். முதலாளி வாழைப்பழமும் பொரியும் வாங்கி அனுப்பியிருந்தார். பெரிய மல்லிகை மாலை ஒன்று இருந்தது. அதை மெஷினுக்குப் போட இடம் தோதாக இல்லை. உயரமாகக் கம்பீரமாக நின்றது அந்த மூங்கில்தான். அதன் உச்சியில், காற்றிழுக்கும் குழாயின் வாயைச் சுற்றி மாலையைப் போட்டோம். கீழே சாம்பிராணிச் சட்டி.

அந்த நேரம் பார்த்து ஏஜண்டின் ஆள் சைக்கிளில் வந்தான். ஜொகூர் நீரிணையில் நிற்கும் கப்பலின் காற்றாடியில் கயிறு சுற்றிக்கொண்டதாம், உடனே வரவேண்டுமாம். அண்ணனும் வந்துவிட்டார். அக்கா அடைத்த பாட்டில்களோ அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன; வெளியே இருந்தவை இரண்டு காலிப் பாட்டில்கள்தான். அக்கா வரும்வரை பொறுக்க முடியாது என்று ஏஜண்டின் ஆள் குதித்தான். சரி, நானே அடைத்துவிடுகிறேன், எத்தனை நாள் பார்த்திருக்கிறேன் என்று மெஷினை ஓட்டினேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்குக்கூடச் சிந்திவிட்டேன். ஆனால் சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு காரியமும் செய்தேன். மெஷின் ஓடும்போதே தீபாராதனை காட்டினால் இன்னும் விசேஷம் என்று தோன்றி, தட்டு நிறையக் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். இரண்டு பாட்டில் நிறைந்தது. படகு போய்விட்டது.

கால் மணி நேரத்தில் அக்கா கையில் தூக்குச்சட்டியோடு வந்தார். பூஜைக்குச் சுண்டல் செய்து கொண்டுவந்திருந்தார். கொட்டகைக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார்.

“கிராணி, மெஷின் ஓடிச்சா?”

“ஓடிச்சுக்கா. அவசர வேல.”

“சாம்பிராணி போட்டப்பவா ஓடிச்சு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாந்து மூங்கிலைப் பார்த்தேன். மாலையில் பாதிப் பூவைக் காணோம். “அக்கா, பாட்டில் படகுல போயிடுச்சு” என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

அக்கா அலமாரியைத் திறந்தார். “ஒண்ண நீ தூக்கு” என்றார். பக்கத்துச் சீனரின் சம்பானில், அதாவது மோட்டார் வைத்த சின்னப் படகில், ஏறினோம். வழி முழுக்க நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அக்கா ஒரு கையில் பாட்டிலையும் இன்னொரு கையில் தூக்குச்சட்டியையும் பிடித்தபடி, கப்பல் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

கப்பலை நெருங்கியபோது, படகின் விளிம்பில் அண்ணன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேலே கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“என்னடி, இவ்வளோ நேரம்?” என்றார் அண்ணன். “பாட்டில லேசா தொறந்தேன். கோயிலுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருந்துச்சு. இது உன் காத்து இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படியும் வருவேன்னு ஒக்காந்துட்டேன். தொரை கத்துறாரு. வீட்டம்மா வராம எறங்க மாட்டேன்னுட்டேன்.”

அக்கா சம்பானிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து, நான் அடைத்த இரண்டு பாட்டிலையும் படகிலிருந்து வாங்கித் திறந்துவிட்டார். நடுக்கடலில் கற்பூரமும் சாம்பிராணியும் மணத்தன. அதிகாரி கத்துவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். “எங்கள் பண்டிகை சார்” என்று சொல்லிவைத்தேன். “நல்ல வாசனை” என்றார். அண்ணன் சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் விழப்பார்த்தார்.

அக்கா தன் பாட்டிலைத் திறந்து மோந்தார். வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார். அண்ணனிடம் கொடுத்தார். அவர் இறங்கினார்.

குமிழிகள் வந்துகொண்டிருந்தன. நான் அவற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் நின்றாலும் எனக்கு உயிர் போய் வந்தது. பக்கத்தில் மொறுக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்த் துண்டைத் தேடித் தேடி எடுத்து ரசித்து மென்றார்.

“அக்கா, பயமா இல்லையா?”

“எதுக்கு? கயிறு வெட்ட அவருக்குத் தெரியும். காத்து நான் பாத்து அடைச்சது. இனிமே என்ன பயம்? சாப்புடு கிராணி.”

நான் நாலு கடலை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக இந்த அம்மாள் சந்தேகத்திலேயே வாழ்கிறாரே என்று பரிதாபப்பட்டவன் நான். அன்றைக்கு அந்தச் சம்பானில் நிம்மதியாக இருந்த ஒரே ஆள் அவர்தான். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அண்ணன் வெட்டிய கயிற்றோடு மேலே வந்து சம்பானைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதும் அவர் பார்த்தது தூக்குச்சட்டியை.

“எனக்கு?”

“தீந்துபோச்சு. கிராணி தின்னுட்டாரு” என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். “அத விடுங்க. காத்து எப்படி இருந்துச்சு?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “காத்தா? அத நெனைக்கவே இல்லடி” என்றார்.

அக்கா சிரித்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்ததில் சம்பான் ஆடி, மடியில் இருந்த தூக்குச்சட்டி உருண்டு கடலில் விழுந்து முங்கிப்போனது. நான் பதறி எட்டிப் பிடிக்கப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இன்னொரு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார்.

“நல்ல காத்து முழுசா ஒரு பாட்டில் மிச்சம் இருக்கு லா. சும்மா எதுக்குக் கெடக்கணும்? போயி அந்தச் சட்டிய எடுத்துக்கிட்டு வாங்க.”